செனாடா வாய் திறக்காத வருடம்

ஆர்டன்வில், அயோவா
6 செப்டம்பர் 1998

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கு,

என் முழங்கால்களைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் ரத்த அழுத்தமும் லெஸ்டர் அத்தானின் கோல்ஃப் ஆட்டமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது, நடுவில் அத்தான் இன்னொரு ரிசீவரை எடுத்துத் தீர்ப்பு வேறு சொல்கிறார் என்பதால்தானே கடிதத்துக்கு மாறினோம்? அதனால் இந்தச் செய்தியைப் படித்து நீ சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்காது. பெரிய நிம்மதி.

உன் தங்கை இந்த வயதில் மறுபடியும் மாணவி ஆகிவிட்டாள்.

பள்ளி திறப்பதற்கு முன் ஆசிரியர் கூட்டம் நடந்தது. புது பிரின்சிபால் டுவைன் எழுந்து தொண்டையைச் செருமினான். உனக்கு நினைவிருக்கும், என் தையல் வகுப்பில் தலையணை உறையை நாலு பக்கமும் மூடித் தைத்துக் கொண்டுவந்தானே, அவனேதான். வான்கோழி இறைச்சி ஆலைக்கு வேலைக்கு வரும் குடும்பங்கள் பெருகிவிட்டன, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்றான். உரிமம் வைத்திருக்கும் ஆசிரியர் யாராவது, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் கூடுதல் தகுதியை அடுத்த ஆகஸ்டுக்குள் வாங்கியாக வேண்டுமாம். இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளை விடிவதற்கு முன்பே பஸ்ஸில் ஏற்றி மாவட்டத் தலைநகர்ப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களாம். பனிக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"யாருக்கு விருப்பம்?" என்றான். எல்லோரும் அவரவர் காலணியை ஆராய்ந்தார்கள். நான் மேசையின் அந்தக் கோடியில் இருந்த லெமன் பார் இனிப்பை எடுக்கக் கையை நீட்டினேன்.

"தேங்க்ஸ் ட்வைலா டீச்சர்! நீங்க கை தூக்குவீங்கன்னு எனக்குத் தெரியும்!"

லெமன் பாரும் கிடைக்கவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அறிவியல் டீச்சர் அதை எடுத்துவிட்டாள்.

எனக்குத் துணை, விளையாட்டுக் கோச் ரோலண்ட் டெர்க்சன். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் தலை முன்னால் சாய்ந்ததைச் சம்மதம் என்று டுவைன் எழுதிக்கொண்டான். இனி சனிக்கிழமைதோறும் அவருடைய பழைய லாரியில் கல்லூரிக்குப் போய் வர வேண்டும்.

ஆனாலும் அக்கா, எனக்கு முழுக்க வருத்தமில்லை. என் சமையல் வகுப்பில் செனாடா என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். போஸ்னியாவிலிருந்து அப்பாவோடும் அத்தையோடும் வந்தவள். பன்னிரண்டு வயது. இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனையோ ஊர் மாறி வந்த குழந்தை, இப்போதுதான் ஜன்னலோரம் ஒரு இடத்தைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறாள். பஸ் வந்தால் அவளும் ஏற வேண்டியிருக்கும்.

அத்தானிடம் என் அன்பைச் சொல். திட்டியாவது பதில் போடு.

உன் தங்கை,
ட்வைலா

*

மேசா, அரிசோனா
19 செப்டம்பர் 1998

அன்புத் தங்கை ட்வைலாவுக்கு,

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது, உன் கடிதம் வரும் வரை. அத்தான் நலம். அவர் அடித்த பந்து பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போய்விட்டது, அதனால் ஒரு வாரமாக வீட்டிலேயே இருக்கிறார். அதுதான் எனக்கு நலமில்லை.

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இதுவரை எதை நீ முடித்திருக்கிறாய்? அக்கார்டியன் வாங்கினாய். பாதியில் விட்டாய். மண்பாண்டம் செய்யப் போனாய், ஒரு சாம்பல் கிண்ணத்தோடு வீடு திரும்பினாய், நம் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. எடை குறைக்கும் சங்கத்தில் பொருளாளராக இருந்துகொண்டே எடை கூடியவள் நீ ஒருத்திதான்.

பிரின்சிபாலாக நாற்காலி தேய்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விட்டால் டுவைனுக்கு வேறு ஆள் தேட நேரம் இருக்காது. பிள்ளைகள்தான் பஸ்ஸில் ஏறுவார்கள். முடிக்க முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு.

அந்தப் பெண்ணிடம் மெதுவாக, சத்தமாகப் பேசு. தானாகப் புரியும்.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா,
ஆர்லிஸ்

*

ஆர்டன்வில்
11 அக்டோபர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், முட்டி உனக்கு நன்றி சொல்கிறது. ஜன்னல் கண்ணாடி போட்டாயிற்றா? அத்தானை மறுபடி வெளியே விட்டுவிட்டாயா?

சாம்பல் கிண்ணத்தில் இப்போது பொத்தான்கள் வைத்திருக்கிறேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் வகுப்பைப் பற்றிக் கேள். பாடம் எடுப்பவர் டாக்டர் ஈலோனா, ஹங்கேரியில் பிறந்தவர். முதல் நாள் உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார், பாடத்தை ஆரம்பித்தார். முழுக்க முழுக்க ஹங்கேரிய மொழியில்! நாங்கள் ஏதோ வேடிக்கை என்று சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேள்வி கேட்டார். பதில் தெரியாதவர்களைப் பார்த்து முகம் சுளித்தார். என்னிடம் ஏதோ கேட்டார். பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து "ட்வைலா" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்கள், ஜன்னல் எந்த நிறம் என்று கேட்டாராம்.

கோச் ரோலண்டைக் கரும்பலகைக்கு அழைத்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். காது சிவந்துவிட்டது. நெற்றியில் வியர்வை. கடைசியில் டாக்டர் ஈலோனா ஆங்கிலத்துக்கு மாறி, "இப்ப வீட்டுக்குப் போறீங்க. உங்க பிள்ளைங்களுக்கு இது தினமும் மூணு மணிக்குத்தான் முடியும்" என்றார். அவ்வளவுதான் முதல் பாடம்.

திரும்பி வர ஏறியும் ரோலண்ட் லாரியைக் கிளப்பவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ட்வைலா, எனக்கு ஒரு எழவும் புரியலை. புரியலைன்னு சொல்றதுக்கு வார்த்தையும் இல்லை. அந்தம்மா குரலை ஒசத்தினப்ப என்ன தோணுச்சு தெரியுமா? எங்கயாவது ஓடிரலாம்னு தோணுச்சு. நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து கத்திக்கிட்டுதானே இருக்கேன்?"

"ஆமா கோச், எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீங்க கத்தின கத்துல உங்களுக்குக் கேக்கலை."

அக்கா, அந்த மனிதரைப் பற்றி இந்த ஊரில் நான் பரப்பாத கேலி கிடையாது. அன்றைக்குப் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மீதி அவருடைய தொப்பியைப் பற்றியது, அது இருக்கட்டும்.

பிறகு வந்த பாடங்களில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. புது மொழிக்குள் வந்து விழுகிற சில பிள்ளைகள் மாதக்கணக்கில் பேசவே மாட்டார்களாம். மந்தம் இல்லை, பிடிவாதமும் இல்லை. உள்ளே சேர்த்துக்கொண்டே இருப்பார்களாம். வற்புறுத்தினால் கதவு இன்னும் இறுகுமாம். பதில் கேட்காமல் நாம் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதாவது, பதிலை எதிர்பார்க்காமல் ஓயாமல் பேச வேண்டும். இந்த ஒரு வேலைக்காகவே கடவுள் என்னைப் படைத்திருக்கிறார்!

ஆகவே செனாடாவோடு மாவு பிசையும்போதெல்லாம் பேசுகிறேன். இது உப்பு, இது சர்க்கரை, இந்தக் கரண்டி அந்தக் கரண்டிக்கு அத்தை. பாதிரியாரின் மனைவி மறுபடி முடிக்குச் சாயம் போட்டிருக்கிறாள், ஏதோ கத்தரிக்காய் மாதிரி. எல்லாவற்றுக்கும் அவள் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சர்க்கரை என்றால் சர்க்கரையை எடுத்துத் தருகிறாள். பாதிரியார் மனைவியைத் தெருவில் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள் அக்கா. சத்தியமாக, உதட்டோரம் துடித்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
ட்வைலா

*

மேசா
3 ஜனவரி 1999

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும். பதில் தாமதமானதற்கு அத்தானின் முதுகுவலி காரணம். இப்போது எழுந்து நடக்கிறார், அதாவது என் பின்னாலேயே நடக்கிறார்.

உன் கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. கேக்குக்கு இரண்டு வரி, பரீட்சையில் தேறியதற்கு அரை வரி. தேறினாயா? மெச்சினேன். பிப்ரவரி பதினாறாம் தேதி, தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடும் மிசஸ் நெல்லிங் உன் வகுப்பைப் பார்வையிட வருகிறார் என்றும், நீ வருடம் முழுக்கக் கவனித்துவந்த ஒரு பிள்ளையோடு அவர் முன்னால் பாடம் நடத்த வேண்டும் என்றும், அந்தப் பிள்ளை செனாடா என்றும் எழுதியிருக்கிறாய். செனாடா இன்னும் பேசவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. அதை நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

கேள். பார்வையிட வருபவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். அவர்கள் படிவத்தில் 'மாணவர் ஆங்கிலத்தில் உரையாடினாரா?' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் நிரம்பாமல் கையெழுத்து விழாது. இரண்டு வாக்கியம் போதும். 'என் பெயர் செனாடா. நான் ரொட்டி செய்கிறேன்.' அதை மனப்பாடம் செய்யவை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊர் உலகமே செய்கிறது.

குளிருக்கு இரட்டைச் சாக்ஸ் போடு.

அக்கா,
ஆர்லிஸ்

*

ஆர்டன்வில்
27 பிப்ரவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

இரட்டைச் சாக்ஸ் போட்டேன், இப்போது பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. மற்றபடி நலம். அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது?

இங்கே பனி! வாசலில் நிறுத்திய காரைக் காணோம் என்று போலீஸுக்குப் போன் செய்ய இருந்தேன், பிறகு பனிமேட்டிலிருந்து ஆன்டெனா எட்டிப் பார்த்தது. தேவாலய விருந்துக்கு நான் செய்த உருளைக்கிழங்குக் கலவை முதலில் காலியானது. வெல்மா கொண்டுவந்த பச்சை ஜெல்லியை யாரும் தொடவில்லை. அவள் அதை ஏந்திக்கொண்டு திரும்பிப் போனதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான்.

கோச் ரோலண்டைப் பற்றி ஒரு சேதி. செனாடாவின் அப்பாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். சனிக்கிழமை வகுப்பில் படித்ததையெல்லாம் செய்து பார்க்கிறார். பேச்சு குறைவு, சைகை அதிகம். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, கட்டைவிரலைக் காட்டினால் போ. போன வாரம் கட்டைவிரலைக் காட்டி 'பலே, நல்லா ஓட்டறீங்க' என்று பாராட்டினாராம். செனாடாவின் அப்பா அதை 'போ' என்று புரிந்துகொண்டு வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் பனி மூடிய சோயா வயலில் இறங்கிவிட்டாராம். ரோலண்ட் என்னிடம் வந்து பெருமையாகச் சொல்கிறார்: "நான் கத்தலை ட்வைலா. வயல்ல இறங்குனப்புறம்கூடக் கத்தலை. ரெண்டு பேரும் உக்காந்து அவர் கொண்டுவந்த காப்பியைக் குடிச்சோம். காப்பியா அது, தார்!"

பிறகு, என் பூனைக்கு ஜலதோஷம். ஜன்னல் திரைக்குப் புதுத் துணி வாங்கினேன், மஞ்சள் நிறம். நாளை சாயங்காலம் பனி நிற்கும் என்கிறார்கள்.

வேறொன்றும் விசேஷமில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ட்வைலா

*

மேசா
8 மார்ச் 1999

ட்வைலா,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

பனி எழுதினாய், ஜெல்லி எழுதினாய், பூனையின் மூக்கைக்கூட எழுதினாய். பிப்ரவரி பதினாறு என்ற தேதி உன் ஊர்க் காலண்டரில் இல்லையா? சின்ன வயதில் பூந்தொட்டியை உடைத்துவிட்டு அம்மாவிடம் வானிலையைப் பற்றிப் பேசுவாயே, அதே குரல் இந்தக் கடிதத்தில் கேட்கிறது.

என்னடி ஆச்சு?

அக்கா

*

ஆர்டன்வில்
20 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

பூனை தேறிவிட்டது. நான் தேறவில்லை.

பதினாறாம் தேதிக்கு முதல் நாள் மாலை செனாடாவை நிறுத்திவைத்தேன். நீ எழுதிய இரண்டு வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. அவள் பையை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ நல்லது சொல்லப்போகிறேன் என்பதைப் போல. என்னால் முடியவில்லை. ஒரு உருளைக்கிழங்கு சீவும் கத்தியைக் கையில் கொடுத்து, "நாளைக்கு நீதான் இதுக்கு இன்சார்ஜ், கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மிசஸ் நெல்லிங் வந்தார். நல்ல மாதிரிதான், வில்லியாக இருந்தால் எழுதச் சுவையாக இருந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல செனாடா சீவினாள், நறுக்கினாள், பாலை அளந்து ஊற்றினாள், சட்டியை மூடினாள். ஒரு தப்பு இல்லை. மிசஸ் நெல்லிங் குனிந்து, "நீ என்ன சமைக்கிறேம்மா?" என்றார். கொஞ்சம் சத்தமாக மறுபடி கேட்டார். அறையே திரும்பிப் பார்த்தது. செனாடா பார்த்தது என்னை. அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது அக்கா.

போகும்போது மிசஸ் நெல்லிங் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் புரியுது ட்வைலா. அவளுக்கு எல்லாமே தெரியுது. ஆனா நான் காதால கேட்டதைத்தான் எழுத முடியும். மே பன்னிரண்டாம் தேதி இன்னொரு தடவை வரேன். அதுதான் கடைசி. வேற பிள்ளையை வெச்சு நடத்தினாலும் சரிதான்."

ரோலண்ட் தேறிவிட்டார். அவருடைய மாணவன் எஃப்ரைன், மெக்சிகோக்காரன், பாதிப் பாடத்தில் எழுந்து, "கோச், சிவப்பு விளக்கு எரியுது! நீங்க எப்பவுமே நிக்க மாட்டீங்க!" என்று கத்தினானாம். மிசஸ் நெல்லிங் சிரித்துக்கொண்டே எழுதினாராம். ஆனால் ரோலண்ட் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார், ஆகஸ்டில் அவருடைய தகுதி பள்ளிக்கு உதவாது. "என் பையனைக் கடனாத் தர்றேன், எடுத்துக்கோ" என்கிறார். டுவைன் பஸ் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டான்.

அன்றைக்குப் பள்ளி விட்ட பிறகு செனாடா வீட்டுக்குப் போகவில்லை. அலமாரியில் இருந்த சுத்தமான பாத்திரங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் கழுவினாள். தான் என்னைக் கைவிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை தெரியாது என்று ஊர் சொல்லும் பெண்ணுக்கு, அன்றைக்கு நடந்ததில் ஒன்றுகூடத் தவறவில்லை.

இதை எழுதாமல் விட்டதற்குத் திட்டு. எனக்கு உறைக்கும்.

தங்கை,
ட்வைலா

*

மேசா
2 ஏப்ரல் 1999

அன்புத் தங்கைக்கு,

திட்டப்போவதில்லை. முட்டியையும் மனசையும் தேற்றிக்கொள். அத்தான் உனக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருக்கிறார், பாதிக்கு மேல் அழுகாமல் வந்து சேரும் என்று நம்புவோம்.

பிரின்சிபால் பேசுகிறேன், கேள். எஃப்ரைனை எடுத்துக்கொள். அந்த ஒரு மணி நேரம் செனாடாவை நூலகத்துக்கு அனுப்பிவிடு. அவளுக்கு வலிக்கும், தெரியும். ஆனால் உனக்குக் கையெழுத்து விழாவிட்டால் அவளும் அவளைப் போன்ற அத்தனை பிள்ளைகளும் வருடம் முழுக்க இருட்டில் பஸ் ஏறுவார்கள். ஒரு பெண்ணின் ஒரு மணி நேர வருத்தமா, எல்லாப் பிள்ளைகளின் ஒரு வருடமா? தராசில் வைத்துப் பார். நானாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன்.

பதில் உடனே போடு.

அக்கா,
ஆர்லிஸ்

*

ஆர்டன்வில்
15 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஆரஞ்சு வந்தது, எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அத்தானுக்கு முத்தம், கன்னத்தில்தான்.

நீ சொல்வது சரி. தராசில் வைத்தேன், நீ சொன்ன பக்கம்தான் சாய்ந்தது. பேனாவை எடுத்து எஃப்ரைன் பெயரை எழுதினேன். எழுதியவள் தலையைத் தூக்கினால் எதிரே செனாடா. புதிதாக வந்திருக்கும் அராசெலி என்ற சின்னப் பெண்ணுக்கு ஏப்ரன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அராசெலி மெக்சிகோவிலிருந்து வந்து சில வாரம்தான் ஆகிறது. அவளும் பேசுவதில்லை, அழுகை மட்டும்தான். இவள் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டி, அவிழ்த்து, மறுபடி போட்டுக் காட்டினாள். கொஞ்சமும் அவசரப்படவில்லை.

எனக்குச் சனிக்கிழமை வகுப்பில் என்ன கற்றுக்கொடுத்தார்கள் அக்கா? பேசாத பிள்ளையும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது, நம்பு, காத்திரு என்றுதானே? அதை நம்புகிறேன் என்று அத்தாட்சி வாங்குவதற்காக, அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிறாயா? தான் ஏன் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாதா?

எஃப்ரைன் பெயரை அடித்துவிட்டேன். செனாடா உள்ளே இருப்பாள். நான் தோற்றால் முழுசாகத் தோற்றுக்கொள்கிறேன்.

கோபப்படாதே. கோபப்பட்டாலும் சாப்பிட்ட பிறகு படு.

தங்கை,
ட்வைலா

*

(பட அஞ்சலட்டை, மறுபக்கத்தில் கள்ளிப் பூ)
மேசா, 5 மே 1999

ட்வைலா, உடம்பு நலம். அத்தானின் சித்தப்பா மகள் டூபுக்கில் இருக்கிறாளாம், அவருக்குத் திடீரென்று அவளைப் பார்க்க வேண்டுமாம். காரிலேயே வருகிறோம். பன்னிரண்டாம் தேதி காலை உங்கள் ஊர் வழியாகப் போக வேண்டியிருக்கும். வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வை. முதுகு சாயும் நாற்காலி.
ஆர்லிஸ்

*

ஆர்டன்வில்
14 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் பத்திரமாக டூபுக் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உன் புது மூக்குக்கண்ணாடி அழகு. சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

எதற்கும் நேரம் கிடைக்கவில்லை. இந்த மாநிலத்தில் பட்டைப் பொடி தூவிய சினமன் ரோல் செய்யத் தெரியாமல் ஒருத்தி சமையல் டீச்சராக முடியாது. அப்படிப்பட்டவள், வாழ்க்கையிலேயே முக்கியமான நாளில், அக்காவும் மிசஸ் நெல்லிங்கும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு தட்டையும் கரியாக்கினேன். படபடப்பில் அடுப்பைத் தப்பான சூட்டில் வைத்துவிட்டேன். கதவைத் திறந்ததும் வந்த புகை! அபாய மணி அடித்து, பள்ளிக்கூடமே புல்வெளிக்கு ஓடி, தீயணைப்பு வண்டி வந்து, அதிலிருந்து இறங்கியவன் என் பழைய மாணவன். "டீச்சர், இன்னுமா?" என்கிறான்.

நான் தட்டோடு பின்கதவு வழியாக ஓடினேன். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. மிசஸ் நெல்லிங்கின் கார் போய்விட்டது. நீயும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டாய். நியாயம்தான், சொல்ல என்ன இருக்கிறது? மணி அடிக்கும் வரை செனாடா வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பாடமே இல்லை.

டுவைனிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: ஆகஸ்டில் அந்தப் பஸ் கிளம்பினால், மேற்பார்வைக்கு நானும் ஏறுவேன். விடிகாலையில் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு போவது பிள்ளைகளுக்குக் கூடுதல் தண்டனைதான். ஆனால் தனியாகப் போக மாட்டார்கள்.

உன்னை அவ்வளவு தூரம் வரவைத்துப் புகை குடிக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்.

தங்கை,
ட்வைலா

*

டூபுக்
15 மே 1999

அன்புத் தங்கை ட்வைலாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். என் கோட்டில் இன்னும் பட்டை வாசம். அத்தானின் சித்தப்பா மகளுக்கு நாங்கள் ஏன் வந்திருக்கிறோம் என்று புரியவில்லை. அவள் எங்களை அழைக்கவே இல்லை. உன் வகுப்பைப் பார்க்கத்தான் வந்தோம் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நீ தீயணைப்புக்காரர்களிடம் மாட்டிக்கொண்டாய், அத்தான் வெளியே ஹாரன் அடித்துத் தெருவையே கூட்டினார், அதனால் நேரில் சொல்ல முடியவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடைசி வரை படி.

நீ தட்டோடு ஓடியதும் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக வெளியேறினார்கள். மிசஸ் நெல்லிங் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப் பெண் அராசெலி மட்டும் மணிச் சத்தத்தில் பயந்து மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். நான் குனியப் போனேன், என் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அதற்குள் செனாடா வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு எதையெல்லாம் நினைவுபடுத்தியிருக்குமோ, இரண்டு காதையும் பொத்தியிருந்தாள். காதிலிருந்து கையை எடுத்து மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள்.

செனாடாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அராசெலிக்கு போஸ்னிய மொழி தெரியாது. இருவருக்கும் நடுவே இருந்தது உன் அடுப்படி ஆங்கிலம் ஒன்றுதான்.

"பயப்படாதே, கண்ணு. குண்டு இல்ல. வெறும் சினமன் ரோல். டீச்சர் ரொம்பப் பேசுவாங்க, அப்புறம் அடுப்பை மறந்துருவாங்க. வா, என் கையைப் பிடி. மெதுவா. மெதுவா."

ட்வைலா, அது உன் குரல். உன் 'கண்ணு', உன் இழுவை, மூச்சு விடும் இடம்கூட உன்னுடையது. அராசெலி, "சூடா இருக்கா?" என்று கேட்டாள். அவளும்தான் பேசினாள், பார்! "ரொம்பச் சூடு. ஆனா தூரத்துல" என்றாள் செனாடா.

மிசஸ் நெல்லிங் அப்போதுதான் பையைக் கண்டுபிடித்து வாசலை நோக்கிப் போனார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். "எங்கே போறீங்க? நீங்க எழுத வேண்டியது இப்பத்தான் நடக்குது." அந்தம்மாவைப் பாராட்ட வேண்டும். புகைக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, இருமிக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். பிறகு வெளியே வந்து என் காரின் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அத்தான்தான் பேனா கொடுத்தார். அதைத் திரும்பத் தரவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உனக்குத் தபாலில் வரும். பஸ் கம்பெனிக்காரரிடம் டுவைன் வேறு ஏதாவது பேசிக்கொள்ளட்டும்.

நூலகத்துக்கு அனுப்பு என்றேன். நான் சொன்னதைக் கேட்டிருந்தால், மேசைக்கு அடியில் அந்தக் குழந்தை தனியாக இருந்திருக்கும்.

எத்தனையோ வகுப்புகளைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் டீச்சரைத்தான் பார்ப்பேன். டீச்சரே இல்லாத அறையில் இவ்வளவு நல்ல பாடம் நடந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன், உனக்குத் தெரிந்திருக்காது. காரில் ஏறும்போது திரும்பினேன். நீ புல்வெளியில் கரிந்த தட்டை ஏந்திக்கொண்டு, அந்தத் தீயணைப்புப் பையனிடம் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தாய். செனாடா அராசெலியின் கையைப் பிடித்தபடி வந்தாள். உன் பக்கத்தில் நின்றாள். நீ பேச்சை நிறுத்தவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. தட்டை மட்டும் அவள் பக்கம் நீட்டினாய். அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

உன்னிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்று அவளுக்கு எப்போதுமே தோன்றியதில்லை போலிருக்கிறது.

சாப்பிடு. தூங்கு. அத்தான் உன்னை 'புரொஃபசர்' என்று அழைக்கச் சொல்கிறார். நான் மாட்டேன்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அக்கா ஆர்லிஸ்